ராணுவ நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்கு: சீருடையைக் களைந்த பின்னும் தொடரும் சட்டத் தடைகள்

போதைப்பொருள் வழக்கில் ராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்படும் வீரர், சிறைவாசத்தோடு பணியையும் இழப்பது வழக்கம். ஆனால், தண்டனையின் விளைவுகள் படைப்பிரிவின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. அவர் காவலாளி ஆகலாமா, கடவுச்சீட்டு பெறலாமா, தேர்தலில் நிற்கலாமா என்பதை வெவ்வேறு சட்டங்கள் தீர்மானிக்கின்றன. அவை ஒரே அளவுகோலைக் கொண்டவையும் அல்ல. சில சட்டங்கள் சிறைவாசத்தின் கால அளவையும், சில குற்றத்தின் தன்மையையும், வேறு சில பணிநீக்கத்தை மட்டுமே கூட கணக்கில் கொள்கின்றன.

கஞ்சா, ஹெராயின் போன்றவற்றை வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி (என்டிபிஎஸ்) குற்றம். இத்தகைய குடிமைச் சட்டக் குற்றத்தை ராணுவத்தினர் புரிந்தால், 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 69-ஆவது பிரிவின்படி அது ராணுவச் சட்டத்துக்கு எதிரான குற்றமாகவே கருதப்பட்டு, ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்படலாம். விமானப் படைச் சட்டத்தின் 71-ஆவது பிரிவும், கடற்படைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவும் இதற்கு இணையானவை. வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்கா, வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்துக்கா என்பதில் இருதரப்பும் உடன்படாவிட்டால், மத்திய அரசின் முடிவே இறுதியானது.

எந்த வகை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கிறது என்பதும் முக்கியம். படைப்பிரிவின் கட்டளை அதிகாரியே நடத்தும் சுருக்கமுறை ராணுவ நீதிமன்றம் அதிகபட்சம் ஓராண்டு சிறை மட்டுமே விதிக்க முடியும். மாவட்ட ராணுவ நீதிமன்றத்துக்கு உச்சவரம்பு இரண்டு ஆண்டுகள். பொது ராணுவ நீதிமன்றத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. இரண்டு ஆண்டு என்ற எண், பின்னர் குடிமைச் சட்டங்களில் மீண்டும் மீண்டும் குறுக்கிடுகிறது.

முதல் அடி ஓய்வூதியத்தில் விழுகிறது. ராணுவச் சட்டத்தின் கீழ் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு, அதுவரை ஆற்றிய பணிக்கான ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. விதிவிலக்கான நேர்வுகளில் மட்டும் குடியரசுத் தலைவர் அதை வழங்கலாம். இவ்வாறு நீக்கப்பட்டவர் மத்திய அரசுப் பணி ஒதுக்கீட்டுக்கான 'முன்னாள் படைவீரர்' வரையறைக்குள்ளும் வருவதில்லை.

படையிலிருந்து வெளிவருவோர் பலரும் நாடும் வேலை தனியார் பாதுகாப்புப் பணிதான். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005, முன்னாள் படையினருக்கு முன்னுரிமை தரலாம் என்று கூறுகிறது. அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரையும், ஆயுதப் படைகளில் பணியாற்றியபோது தவறான நடத்தை அல்லது ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டவரையும் காவலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. தண்டனை எத்தனை மாதம் என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. குறைந்த அளவு கஞ்சாவுடன் பிடிபட்டுச் சில மாதச் சிறையோடு வெளியேறியவருக்கும், வணிக அளவில் கடத்தியவருக்கும் இந்தக் கதவு ஒன்றுபோல் அடைபடுகிறது. இத்தனைக்கும் கஞ்சாவில் ஒரு கிலோ வரை குறைந்த அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு எனப் பிரித்து, முன்னதற்கு ஓராண்டு வரையும் பின்னதற்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரையும் சிறை விதிக்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டம்.

துப்பாக்கி உரிமம் பெறுவதும் எளிதல்ல. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை ஆயுதம் வைத்திருக்க ஆயுதச் சட்டம் தடை விதிக்கிறது. கடவுச்சீட்டுச் சட்டமோ, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக இந்திய நீதிமன்றம் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை விதித்திருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிப்பவருக்குக் கடவுச்சீட்டை மறுக்கச் சொல்கிறது. 'ஒழுக்கக்கேடு' என்றால் என்ன என்பதை இந்தச் சட்டங்கள் வரையறுக்கவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்ததும் விற்பனையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவையா என்பது வழக்குக்கு வழக்கு ஆராயப்பட வேண்டியதாகிறது.

தேர்தலைப் பொருத்தவரை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 8(1) பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டக் குற்றங்களைத் தனியாகவே பட்டியலிட்டுள்ளது. அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும் ஆறு ஆண்டுகள் போட்டியிட முடியாது. சிறை என்றால், தண்டிக்கப்பட்ட நாள் முதல் விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை தடை நீடிக்கும். 69-ஆவது பிரிவின் கீழான தீர்ப்பு ராணுவச் சட்டக் குற்றமாகவே கருதப்படுவதால், அது இந்தப் பட்டியலில் அடங்குமா என்று வாதிட இடமுண்டு. ஆனால், சிறைவாசம் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எனில், பிற குற்றங்களுக்கான 8(3) பிரிவு அதே தடையை விதிப்பதால் அந்த வாதத்தால் பயன் இல்லை.

ஒரே குற்றத்துக்காக மீண்டும் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் அபாயம் இன்று இல்லை. மத்திய அரசின் முன் அனுமதியோடு அவ்வாறு மறுவிசாரணை நடத்த வகைசெய்த ராணுவச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு 1992-இல் நீக்கப்பட்டது.

இத்தனை தடைகளுக்கும் மூலம் அந்த ஒரே தீர்ப்புதான் என்பதால், அதை எதிர்த்து முறையிடுவது மிக முக்கியமாகிறது. சோதனை எப்படி நடத்தப்பட்டது என்பதே பல வழக்குகளின் மையம். அபின் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கில், உடல் சோதனை தொடர்பாக போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்புகள் ராணுவத்தினருக்கும் உண்டு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனையிடுமாறு கோரும் உரிமை அவற்றில் ஒன்று.

ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தில்லியில் முதன்மை அமர்வும், சென்னை உள்ளிட்ட நகரங்களில் மண்டல அமர்வுகளும் செயல்படுகின்றன. தீர்ப்பாயத்தின் உத்தரவை உயர் நீதிமன்றங்கள் நீதிப்பேராணை அதிகாரத்தின் கீழ் ஆராயத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தியுள்ளது.