2012 இந்திய மின்தொகுப்புச் சரிவும் தப்பிய தெற்கும்

2012 சூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு இந்தியாவின் வடக்கு மின்தொகுப்பு நிலைகுலைந்தது. அதைச் சீர்செய்த மறுநாளே, பிற்பகல் 1 மணியளவில், வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் ஒருசேர வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி மின்சாரம் இழந்தது.

இரு நாளும் தொடக்கம் ஒன்றே: மத்தியப் பிரதேசத்தின் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம். அதில் பழுது ஏதும் இல்லை. சுமை மிகுந்ததால் மின்னோட்டம் கூடி மின்னழுத்தம் தாழ்ந்தது. காப்பு ரிலே அதைப் பழுதென்று கொண்டு தடத்தைத் துண்டித்துவிட்டது. காக்க வைத்த கருவியே சரிவைத் தொடங்கி வைத்தது எனலாம். அச்சுமை பிற தடங்களில் ஏற, அவையும் அடுத்தடுத்துத் துண்டித்துக்கொண்டன. அதிர்வெண் வீழும்போது சுமையைத் தானாகக் குறைக்கவேண்டிய ரிலேக்கள் வடக்கில் போதிய அளவு இயங்கவில்லை. இதுவே பெருங்குறை.

தெற்குத் தொகுப்போ அப்போது தால்சர்–கோலார் போன்ற நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே பிற தொகுப்புகளுடன் பிணைந்திருந்தது. இவற்றின் வழியே மின்சாரம் கடக்கும். ஒருபுறத்து அதிர்வெண் தடுமாற்றம் கடக்காது. சூலை 31 அன்று கிழக்கிலிருந்து வரவு நின்றதும், தெற்கின் ரிலேக்கள் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி, மற்றவற்றைக் காத்தன.

2013 திசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தெற்கும் நாட்டுத் தொகுப்போடு இணைந்தது. அதுமுதல் ஐந்து மண்டலங்களுக்கும் அதிர்வெண் ஒன்றே.