கற்பிட்டியில் கூடிய புலவர் அவை

புலவர் வரலாறு என்றதும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் நோக்கித் திரும்புவது நம்மவர் வழக்கம். அத்துறைக்கு முன்னோடி நூல் தந்தவரோ நம் புத்தளம் களப்புக் கரையைச் சேர்ந்தவர். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச் செட்டி, புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். 27 வயதிலேயே இலங்கை முழுவதற்குமான விவரத்திரட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர்.

உத்தியோகத்தைவிட அவருடைய இலக்கியத் தொடர்புகளே என்னை வியக்க வைக்கின்றன. 1845இல் கொழும்பில் தொடங்கிய அரச ஆசியக் கழகக் கிளையின் சஞ்சிகையை வாசித்தோர் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் பாதிரிமாரும். அவர்கள் முன் செட்டியார் சீறாப்புராணத்தை வைத்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடிய உமறுப்புலவரின் காப்பியத்தைச் சோனகரின் பெருங்காவியமாக எடுத்துரைத்து, அதன் உள்ளடக்கத்தைப் பகுத்துக் காட்டினார். சீதக்காதியின் கீழக்கரையும் அபுல்காசிம் மரைக்காயரின் பரங்கிப்பேட்டையும் ஆதரித்து வளர்த்த நூல் அது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் கரையில் வளர்ந்தவருக்கு அது அயலார் இலக்கியமாகத் தோன்றியிருக்க முடியாது என்றே நான் எண்ணுகிறேன்.

1859இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அண்ட் ஸ்ட்ராங் அச்சகத்தார் அச்சிட்ட 'தமிழ் புளூட்டார்க்' என்ற புலவர் வரலாற்று நூல் அவருடைய பெரும்பணி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஆண்பாற் புலவரோடு பெண்பாற் புலவரையும் சேர்த்தே தலைப்பில் குறித்தார். கர்ணபரம்பரைக் கதைகளை வரலாறாகக் கொண்டார் என்று அவரைக் குறைசொல்வோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த ஆண்டில் உ.வே.சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பிக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. சங்க நூல்கள் பெரும்பாலும் ஏட்டில் உறங்கிய காலத்தில் ஒருவர் வேறெதைக் கொண்டு எழுதியிருப்பார்?

அவர் 1860இல் மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சி அறுபடவில்லை. 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தமிழிலேயே புலவர் சரிதம் எழுதினார். 1946இல் தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு செட்டியாரின் நூல் மறுபதிப்புக் கண்டது.

நம் மாவட்டம் அவருக்குச் செய்ய வேண்டியது, சிலை எடுப்பதல்ல. அந்தச் சீறா ஆய்வை நல்ல தமிழில், குறிப்புரையோடு சிறு நூலாக்கிப் புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் பாடசாலை நூலகங்களில் வைக்க வேண்டும்.