இருநூறாம் ஆண்டிலே நாம் கண்ட சிங்கப்பூர்

ஆண்டு நிறைவு விழாக்கள் பெரும்பாலும் வாழ்த்துரையோடும் வாணவேடிக்கையோடும் முடிந்துவிடுவன. 2019ஆம் ஆண்டில், உத்தியோகத்தின் பொருட்டுச் சிங்கப்பூரில் வாழ்ந்த காலத்திலே, வேறுவிதமான ஒரு விழாவை நாம் கண்டோம். அதனை இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான ஸ்டாம்போர்ட் இராபிள்ஸ் 1819 ஜனவரி 28ஆந் திகதி சிங்கப்பூரை வந்தடைந்தார். பெப்ரவரி 6ஆந் திகதி சுல்தான் ஹுசேனுடனும் தெமெங்கோங் அப்துல் ரகுமானுடனும் ஒப்பந்தஞ் செய்து, அங்கே வர்த்தகத் தலம் அமைக்கும் உரிமையைப் பெற்றார். இதன் நூற்றாண்டு 1919இல் வந்தபோது, ஆட்சி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1887இல் பாடாங் திடலிலே நாட்டப்பட்டிருந்த இராபிள்சின் வெண்கலச் சிலை விக்டோரியா மண்டபத்தின் முன்னுக்கு மாற்றப்பட்டது. நூற்றாண்டின் ஞாபகமாக எழுந்த இராபிள்ஸ் கல்லூரி 1928இல் திறக்கப்பட்டது. எல்லாப் பெருமையும் ஒருவருக்கே உரியதாயிற்று.

பின்னர் சுயாட்சியும், 1965இல் சுதந்திரமும் வந்தன. ஆயினும், டச்சுப் பொருளியலறிஞரான வின்செமியசின் ஆலோசனைப்படி, அச்சிலையை அகற்றாது விட்டனர். 1972இல் ஆற்றங்கரையிலே வெண்ணிறப் பிரதியொன்றும் வைக்கப்பட்டது.

இருநூறாம் ஆண்டு பிறந்த நாள்களில் அவ்வெண்சிலையைப் பார்க்கச் சென்ற நாம் திகைத்து நின்றோம். பின்னால் உயர்ந்து நிற்கும் கட்டிடத்தின் நிறத்தையே சிலைக்கும் பூசியிருந்தார்கள். ஓரிடத்தில் நின்று நோக்கினால் இராபிள்ஸ் துரை மறைந்தே போனார்! அவர் வராதிருந்தால் இந்நாடு என்னவாகியிருக்கும், அவர் ஒருவராலேயா இந்நாடு உண்டாயிற்று என்று இரு கேள்விகளையும் அது ஒருங்கே எழுப்பியது.

சில நாள்களின் பின் பூச்சுக் கழுவப்பட்டு, அவரருகே வேறு நால்வரின் சிலைகள் நின்றன. ஒருவர், 1299இல் இவ்வூரைக் கண்டதாக மலாய் மரபு கூறும் சாங் நீல உத்தமன். மற்றொருவர், வைத்தியசாலைக்குப் பொருளுதவிய வணிகர் டான் டொக் செங். மூன்றாமவர், இளமையில் மலாக்காவிலே தமிழும் பயின்ற மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. நான்காமவர் நாராயண பிள்ளை.

“அண்ணை, இவர் எங்கட ஆளோ?” என்று எம்முடன் வந்த இளம் நண்பர் கேட்டார். மறுமொழி கூற எமக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோவிலுக்குச் செல்லும் நாம், அதனைக் கட்டியவர் யாரென ஒருநாளாவது விசாரித்ததில்லை. வெட்கத்தோடு வீடு திரும்பித் தேடிப் படித்தோம்.

நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து 1819 மே மாதத்தில், இராபிள்சின் இரண்டாம் வருகையின்போது அவருடன் கப்பலில் வந்தவர். புதிய ஊருக்கு வீடுகள் வேண்டும், வீடுகளுக்குச் செங்கல் வேண்டும் என்று கண்டு சூளை வைத்தார். துணி வியாபாரமுஞ் செய்தார். கடை தீக்கிரையாகிக் கடனுக்கு ஆளாகியும் மனந்தளராது மீண்டும் எழுந்தார். கோவிலுக்கென முதலிற் கிடைத்த தெலோக் ஆயர் வீதி நிலத்தில் நல்ல தண்ணீர் இல்லை. இறுதியில் சவுத் பிரிட்ஜ் வீதியில் நிலங் கிடைத்து, 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்த சிறு கோவிலில் அம்பாள் எழுந்தருளினாள். நால்வரின் சிலைகளும் சில நாள்களில் அகற்றப்பட்டன. கோவிலோ அன்றுதொட்டு அங்கேயே நிற்கின்றது.

சிலை பெறாதவர் எத்தனை பேர்! 1825 முதலாக இந்தியக் கைதிகள் அங்கு கொண்டுவரப்பட்டனர். வீதிகளும் புனித அந்திரேயர் தேவாலயமும் அவர்களுடைய உழைப்பால் எழுந்தவை. அவர்களின் பெயரை யார் அறிவார்?

எம்மவருக்கும் அம்மண்ணில் அடிச்சுவடு உண்டு. சிலோன் வீதியிலுள்ள செண்பக விநாயகர் ஆலயம் இலங்கைத் தமிழர் வளர்த்தது. வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார். அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் ஓதும் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே.

எமது பூட்டனாரும் மலாயாவில் புகையிரதப் பகுதியிலே வேலை பார்த்தவர். அவர் எந்த ஆண்டிற் கப்பலேறினார், எந்த ஊரில் இருந்தார் என்பதை வீட்டில் எவரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்திருந்த பெரியம்மாவும் காலமாகிவிட்டார். அந்நிய நாட்டார் இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு தமிழரைத் தேடியெடுத்து நிறுத்த, நாம் எம் வீட்டுப் பெரியவரையே தொலைத்துவிட்டோம்.

இளைஞர்காள்! எமது சங்கத்துக்கும் ஒரு நாள் நூற்றாண்டு வரும். அன்று தலைவர்களின் படங்கள் மட்டும் மலரை அலங்கரித்தாற் போதுமா? மண்டபத்துக்குக் கல் சுமந்தவர், பிடியரிசி சேர்த்த தாய்மார், திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் காத்தவர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டாமா? ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரிடஞ் சென்று அமருங்கள். பெரியோர்களே, கேட்கும் பிள்ளைகளுக்குச் சலியாது சொல்லுங்கள்.