பேக்கரிக் கணக்கும் இயற்கணிதமும்

ஒரு சிறு பேக்கரியின் வரவு செலவில் தெரிந்த தொகைகளைக் கொண்டு தெரியாத தொகையைக் கண்டுபிடிப்பது எளிய இயற்கணிதம். பெயர் புதிதாகத் தோன்றினாலும் கணக்கு பழையது. ரொட்டியின் விலை ஏறாமல் நிற்க, மாவின் விலை மட்டும் ஏறினால் கடைக்காரர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் எழுதினார்கள். அதே கேள்வி இன்று கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டி போன்ற பேரூராட்சிகளின் கடைவீதியிலும் எழுகிறது. நாள் முழுவதும் கூட்டம் இருந்தும் மாதக் கடைசியில் கையில் பணம் நிற்காத கடைகள் உண்டு. அதன் காரணத்தை ஒரு பக்கக் கணக்கு காட்டிவிடும்.

திண்ணைப் பள்ளிக் கணக்கு

தமிழ்நாட்டில் வணிகக் கணக்கு திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடத்துடன் தொடங்கியது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் குறியும் இருந்தன. ஒன்றில் 320இல் ஒரு பங்கான முந்திரி வரை பிள்ளைகள் வாய்விட்டு ஒப்பித்தார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள்வாரியாகக் கணக்குகளைச் செய்யுளில் தந்தது. பலாப்பழத்தை அறுக்காமலேயே சுளைகளை எண்ணும் வழி அதில் பலரும் அறிந்தது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பழத்துக்குப் பழம் விடை பொருந்துமா என்பது வேறு விஷயம். எந்த எண்ணிக்கையை இட்டாலும் வேலை செய்யும் ஒரு வாய்பாடு அது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. எழுத்து இல்லை, ஆனால் எழுத்து செய்யும் வேலை நடந்துவிட்டது.

வியாபாரிக்கு மிகவும் பயன்பட்டது முத்தொகைக் கணக்கு. மூன்று தொகை தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை இது. ஐந்து தொகையிலிருந்து ஆறாவதைக் காண்பது ஐந்தொகை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகளிலும், இன்றைய இலங்கைக் கணக்கியல் பாடநூல்களிலும் ஐந்தொகை என்றால் இருப்புநிலைக் குறிப்பு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. மாணவர்கள் குழம்பிவிடக் கூடாது.

ரொட்டியின் நிறை

இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி காலத்தில், 1266ஐ ஒட்டி வந்த ரொட்டிச் சட்டம் ரொட்டியின் விலையை ஏற்றி இறக்கவில்லை. விலை ஒரு பென்னி, அரை பென்னி, கால் பென்னி என்று நின்றது. கோதுமை விலை ஏற ஏற ரொட்டியின் நிறை குறைய வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தந்தார்கள். நிறை குறைவாகச் சுட்டவருக்குத் தண்டனை உண்டு. லண்டனில் 1822 வரையும் மற்ற இடங்களில் 1836 வரையும் இந்த முறை நீடித்தது.

இது எதிர் விகிதம். இந்தியக் கணித நூல்கள் இதை வியஸ்த திரைராசிகம் என்றன. 628இல் பிரம்மகுப்தரும், 1150இல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரரும் இதற்கு விதி கூறியிருக்கிறார்கள். இலங்கையில் பழக்கம் வேறு. அங்கே பாண் என்னும் ரொட்டிக்கு 450 கிராம் நிறை விதிக்கப்பட்டிருக்கிறது. நிறை நின்றுவிட்டால் விலைதானே நகர வேண்டும்! பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது.

தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர்

தெரியாத எண்ணைப் பெயரிட்டு அழைப்பது இந்தியாவில் பழைய வழக்கம். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் 'யாவத் தாவத்' என்பதன் முதல் எழுத்தைக் கொண்டு அதைக் குறித்தார்கள். தெரியாதவை பல வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரைச் சுருக்கி எழுதினார்கள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, தம் அல்ஜப்ர் நூல் சொத்துப் பங்கீட்டுக்கும் வியாபாரத்துக்கும் வழக்குக்கும் உதவும் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். தேர்வுக்காக மட்டும் இயற்கணிதம் படிப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். சமன் குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் வந்தது. தெரியாததற்கு அகரவரிசையின் கடைசி எழுத்துகளை இடும் வழக்கத்தை 1637இல் டெக்கார்ட் பரப்பினார்.

தமிழில் அச்சான தொடக்க கால இயற்கணித நூல்களில் ஒன்று, வட்டுக்கோட்டை செமினரியில் படித்த விசுவநாதபிள்ளை எழுதி 1855இல் வெளிவந்த வீசகணிதம். சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் இருவரில் அவரும் ஒருவர். தலைப்பிலுள்ள வீசம் மாகாணியைக் குறிக்காது. பீஜம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. இன்று தமிழ்நாட்டுப் பாடநூலில் 6ஆம் வகுப்பிலேயே இயற்கணிதம் அறிமுகமாகிறது.

பேக்கரி வந்த வழி

பர்மாவில் தொழில் கற்றுத் திரும்பிய மம்பள்ளி பாபு 1880இல் தலசேரியில் பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். கல்கத்தாவில் 1892இல் 295 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய சிறு பிஸ்கட் தொழில்தான் பின்னாளில் பிரிட்டானியா ஆயிற்று. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு நெருக்கமான கிளை பெங்களூரிலிருந்து வந்தது. ஹாசன் பகுதியிலிருந்து வந்த எச். எஸ். திருமலாச்சார் 1898இல் சிக்பேட்டையில் தொடங்கிய பி. பி. பேக்கரியே ஐயங்கார் பேக்கரிகளின் மூலம் என்று கூறப்படுகிறது. முட்டை சேர்க்காத கேக், தேங்காய் பன், காரா பன் ஆகியவை அவற்றின் அடையாளம். 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்ற பெயர்ப்பலகையை இன்று தமிழ்நாடு முழுவதும் காணலாம். அது ஒரே நிறுவனத்தின் கிளைகளைக் குறிப்பதன்று. தனித்தனி முதலாளிகள், தனித்தனிக் கணக்குகள்.

அணா போன கதை

1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயம் வந்தது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு மாகாணி. திண்ணைப் பள்ளிப் பின்னம் அப்படியே கையிலிருந்த காசாக இருந்தது. புதிய முறையில் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனதும், ஓர் அணாவின் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? அரசின் மாற்று அட்டவணை ஓர் அணாவை 6 நயா பைசா என்றும், இரண்டணாவை 12 என்றும், மூன்றணாவை 19 என்றும், நாலணாவை 25 என்றும் முழுதாக்கியது.

இதைப் பேக்கரிக்குப் பொருத்திப் பார்த்தால் விளைவு தெரியும். ஓரணா பன் 16 விற்றால் முன்பு முழு ரூபாய் வரும். ஒவ்வொன்றையும் 6 நயா பைசாவுக்குத் தனித்தனியே விற்றால் 96 நயா பைசாதான். நூற்றுக்கு நான்கு போய்விட்டது. 7 பைசா என்று வைத்தால் 112. வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். நான்கு நான்காக விற்றால் நாலணாவுக்கு 25 பைசா சரியாக நிற்கும். முழுதாக்கும்போது கழியும் சில்லறை எங்கே சேர்கிறது என்பதை அந்தத் தலைமுறைக் கடைக்காரர்கள் கையால் எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதே காலத்தில் பலம், வீசை, மணங்கு ஆகியவையும் போய்க் கிலோ வந்ததால் நாணயம், நிறை என்ற இரண்டு மாற்றங்களையும் ஒரே கல்லாப்பெட்டி தாங்கியது.

வரியைப் பிரிப்பது

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது ரொட்டிக்கு வரி இல்லை. ரஸ்க்குக்கு 5 சதவீதம். கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுகளுக்கு 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுகளும் 5 சதவீதத்துக்கு இறங்கின. வரி வசூலிக்கும் கடையில் வரி உட்பட 590 ரூபாய்க்கு விற்ற கேக்கின் புதிய விலை என்ன? 590இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 483.80 வரும். அது தவறு. அடக்க விலையை 'அ' என்று வைத்தால் 1.18அ = 590, எனவே அ = 500. புதிய விலை 525 ரூபாய். தவறாகப் போட்டவர் 507.99க்கு விற்று, கேக் ஒன்றுக்கு 16.20 ரூபாயைத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்திருப்பார்.

ஒரு கடையின் கணக்கு

நாகரசம்பட்டி போன்ற ஊரில் பன் மட்டும் சுட்டு விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காகவே. மாத வாடகை 9,000 ரூபாய், மாஸ்டர் சம்பளம் 24,000, உதவியாள் 15,000, மின்சாரமும் கடன் தவணையும் 6,000, ஆக 54,000. ஒரு பன்கூட விற்காவிட்டாலும் இது போய்த்தான் தீரும். பன் ஒன்றின் விலை 10 ரூபாய். மைதா, சர்க்கரை, வனஸ்பதி, ஈஸ்ட் எல்லாம் சேர்த்து 4.20, காஸ், கவர், டீக்கடைகளுக்குக் கொண்டுபோகும் பெட்ரோல் 2.20. ஆக, பன்னுக்கு 6.40.

மாதம் சுடும் பன் 'ப' என்றால், லாபமும் நட்டமும் இல்லாத இடம் 10ப − 6.40ப = 54,000. ப = 15,000; நாளுக்கு 500. ஐந்நூறாவது பன் வரை கடைக்காரர் வாடகைக்கும் சம்பளத்துக்கும் உழைக்கிறார். அதற்குப் பிறகுதான் தமக்கு.

500 பன்னுக்கு எவ்வளவு மாவு என்பதற்கும் இதே வழி. பேக்கரித் தொழிலில் மைதாவை எப்போதும் 100 என்று வைப்பார்கள். தண்ணீர் 55, சர்க்கரை 15, வனஸ்பதி 6, ஈஸ்ட் 2, உப்பு 2 என்றால் மொத்தம் 180. பன்னுக்கு 90 கிராம் பிசைந்த மாவு எனில் 500க்கு 45 கிலோ. மைதா 45 × 100 ÷ 180 = 25 கிலோ, அதாவது அரை மூட்டை. சர்க்கரை 3.75 கிலோ.

இப்போது மைதாவும் சர்க்கரையும் ஏறி, பன்னின் செலவு 60 பைசா கூடி 7 ரூபாய் ஆகிறது. 3ப = 54,000; ப = 18,000; நாளுக்கு 600. அறுபது பைசாவுக்கு நாளொன்றுக்கு நூறு பன் கூடுதலாக விற்றாக வேண்டும்! இத்துடன் ரிட்டர்ன் சேரட்டும். டீக்கடைகளிலிருந்து நூற்றுக்கு ஐந்து பன் விற்காமல் திரும்பினால், சுட்டது ப, விற்றது 0.95ப. வரவு 9.50ப, செலவு 7ப. 2.50ப = 54,000 என்பதால் ப = 21,600; நாளுக்கு 720. பழைய 500க்கும் இதற்கும் இடையே ஒரு நாளில் கண்ணுக்குப் படுகிற மாற்றம் எதுவும் நடந்திருக்காது. கூட்டம் அதே கூட்டம்தான்.

எதிர் விகிதத்தைக் கொண்டு பன்னைச் சிறிதாக்கலாம். பொருள் செலவு 4.20இலிருந்து 4.80 ஆனதால் நிறையை எட்டில் ஏழாகக் குறைக்க வேண்டும். 90 கிராம் 78.75 ஆகும். தினமும் பன் வாங்குகிறவரின் கைக்கு இது தெரிந்துவிடும். நிறை அச்சிட்டு விற்கும் பாக்கெட் ரொட்டியில் சட்டமும் குறுக்கே வரும்.

விலையை 11 ரூபாய் ஆக்கினால் பல கடைக்காரர்கள் அஞ்சுவது, வாடிக்கை போய்விடும் என்று. எவ்வளவு போகலாம் என்பதைக் கணக்கு சொல்லும். ரிட்டர்ன் கழித்து வரவு 10.45ப, செலவு 7ப; 3.45ப = 54,000; நாளுக்கு 522. பழைய விலையில் 720 தேவைப்பட்ட இடத்தில் 198 குறைவு. கால்வாசிக்கு மேல் விற்பனை குறைந்தாலும் கடை அதே இடத்தில் நிற்கும். பிசைய வேண்டிய மைதாவும் நாளுக்கு 9.9 கிலோ மிச்சம்.