முதுகில் தட்டிய கை

எங்கள் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்று பிரான்சிலேயே தங்கிவிட்டவர். சிகரெட்டின் புண்ணியத்தில் நாள்பட்ட மார்ச்சளி. 1980களில் நான் போனபோது, வீட்டுக்கு வரும் 'கினே' அவரைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவார். பாட்டி நமக்குத் தட்டிய மாதிரியேதான்.

கினேசிதெரபி என்பது அதன் முழுப்பெயர். கிரேக்கத்தில் 'கினேசிஸ்' என்றால் அசைவு. 1946 ஏப்ரல் 30-ம் தேதிச் சட்டம்தான் அங்கே இதை மசாஜோடு சேர்த்துத் தனித் தொழிலாக்கியது. 1994 டிசம்பரில் லியோனில் கூடிய நிபுணர்கள், தட்டுவதை விட, மூச்சை வெளிவிடும் ஓட்டத்தைக் கூட்டிச் சளியை நகர்த்துவதே மேல் என்றார்கள்.

அடுத்த முறை நான் போனபோது தட்டும் சத்தம் இல்லை. கினே மார்பில் கைவைத்து, நீளமாக மூச்சுவிடச் சொன்னார்.

"தட்டினாத்தாண்டா தம்பி சுகமா இருந்துது" என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் டாக்டர் கொடுத்த பம்பை ஒரு நாளும் விடவில்லை.

நம் ஊரில் சிலர் பம்பை நிறுத்திவிட்டு மசாஜுக்குப் போகிறார்களாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். கை துணைக்குத்தான், மருந்துக்குப் பதில் அல்ல.