நாற்சந்தியில் ஒரு கணிதவியலாளர்

'மிருச்சகடிகம்' நாடகத்தின் முதல் அங்கத்தில், வீட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு முடித்த சாருதத்தன், நாற்சந்திக்குச் சென்று அன்னையருக்கும் பலியிட்டு வருமாறு தன் நண்பனிடம் சொல்கிறான். அன்னையருக்குரிய இடம் ஏன் வீடாகவோ கோயிலாகவோ இல்லாமல் வழிகள் கூடும் இடமாக இருக்கிறது? இதற்கான விடையை டி. டி. கோசாம்பி (1907–1966) நூலகத்தில் மட்டும் தேடவில்லை; புணேயைச் சுற்றியிருந்த குன்றுகளில் நடந்து தேடினார்.

அவர் தொழிலால் கணிதவியலாளர். மரபணு வரைபடம் வரைவோர் இன்றும் பயன்படுத்தும் 'கோசாம்பி சார்பு' அவருடையது. 1962 வரை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். புணேயில் குடியிருந்து ரயிலில் மும்பைக்குச் சென்று வந்தார். குன்றுகளில் நடப்பது அவருடைய வழக்கம். அந்தப் பாதைகளில்தான் நுண்கற்கருவிகள் அவர் கண்ணில் பட்டன.

கருவிகள் எங்கும் சீராகச் சிதறிக் கிடக்கவில்லை. ஆயர்கள் பருவந்தோறும் மந்தை ஓட்டிச் சென்ற பழைய தடங்களை ஒட்டி மிகுந்திருந்தன. ஊருக்கு வெளியே தனித்து நின்ற அன்னைத் தெய்வங்களின் இடங்கள் பலவும் அத்தடங்களிலேயே இருந்தன. உழவு பரவும் முன்பே மனிதக் குழுக்கள் சந்தித்துக்கொண்ட இடங்களே பின்னாளில் தெய்வங்களின் நாற்சந்திகளாயின என்று அவர் முடிவுக்கு வந்தார். 1962இல் வெளியான 'மித் அண்ட் ரியாலிட்டி' நூலில் இவ்வாதம் விரிவாக உள்ளது.

முத்திரைக் காசுகளின் காலவரிசையை அறிய அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தவர் அவர். அளவிடும் பழக்கம் கணிதம் தந்தது. எதை அளவிடுவது என்ற தேர்வில் நடைக்கும் பங்குண்டு என்பேன். ஒரு பொருள் என்ன என்று கேட்பதோடு, அது எங்கே, எவற்றோடு கிடக்கிறது என்றும் கேட்க அது பழக்கியது. இம்முறைக்கு எல்லையும் உண்டு: தக்காணத்தின் தடங்களைக் கொண்டு இந்தியா முழுவதற்கும் விதி வகுத்துவிட முடியாது.

மொழியியல் பயின்ற எனக்கு இது ஓர் எச்சரிக்கை. சொல்லடைவிலிருந்து ஒரு சொல்லை எடுக்கும்போதே, அது வழங்கிய ஊரையும் வழியையும் நாம் இழந்துவிடுகிறோம். கோசாம்பி மறைந்த அதே 1966இல், தெற்கு டெல்லியின் பகாபூரில் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. அதை முதலில் கவனித்தவர் ஆய்வாளர் அல்லர், கட்டட ஒப்பந்தக்காரர். இந்நகரின் ஆரவல்லிப் பாறைகளுக்கிடையே வாழும் நாம், ஆய்வேட்டை மூடிவிட்டு வாரம் ஒருமுறையேனும் அவற்றின் மீது நடக்கிறோமா?