சயாமுக்குப் போன சாக்கு

போன பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு குனோங் ஜெராயில் ஓர் இரவு தங்குவதாக முடிவானது. சுங்கைப்பட்டாணியில் ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டை விரித்துக் காட்டினார். ஒன்று வாத்து இறகு அடைத்தது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. இன்னொன்று செயற்கை இழை. கொஞ்சம் தடி, விலையும் குறைவு.

"ஜெராய்தானே பாஸ்? இதுவே போதும்" என்று இரண்டாவதைத் தட்டினார்.

அவர் சொன்னது சரிதான். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். அடிவாரத்தில் இரவு 24 டிகிரி என்றால் உச்சியில் 17 இருக்கும். நல்ல பைகளின் அட்டையில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள். ஒன்று நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. அடுத்தது உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. முதல் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பை சூடு தராது, நம் உடம்புச் சூட்டைத் தனக்குள் இருக்கும் காற்றில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இறகு நனைந்தால் அமுங்கிப்போகும். அந்தக் காற்று இல்லாமல் ஆகிவிடும். மழையும் பனிமூட்டமும் உள்ள நம் மலைகளுக்குச் செயற்கை இழையே பாதுகாப்பு. முதுகுக்குக் கீழே பை நசுங்கிவிடுவதால் அடியில் ஒரு பாயும் வேண்டும்.

வீட்டில் பையைச் சுருட்டி வைத்திருந்ததைப் பாட்டி தடவிப் பார்த்தார். தொண்ணூறு தாண்டியவர். பீடோங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்து லயத்தில் பிறந்தவர்.

"எங்கப்பாவும் இப்படித்தான் சாக்கச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டுப் போனாரு" என்றார். "சயாமுக்கு."

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் துணி கிடைக்கவில்லை. தோட்டத்து மக்கள் கோணிச்சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். மலாய்க்காரர்கள் 'குனி' என்பதும் நாம் கோணி என்பதும் ஒன்றுதான். பகலில் சட்டை, இரவில் போர்வை. 1943இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் எடுத்தபோது மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றார்கள். நம்பிப் போனவர்கள் கொஞ்சம். போதவில்லை என்றதும் தோட்டங்களில் புகுந்து பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் தமிழர்கள்.

சரக்குப் பெட்டிகளில் அடைத்துப் பான் போங் வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. முகாம் என்றால் ஒழுகும் ஓலைக் கூரையும் மூங்கில் பரணும்தான். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு மழையோடு காலராவும் வந்தது. கடைக்காரர் சொன்ன பாடத்தை இங்கே வைத்துப் பாருங்கள். நனைந்த சாக்கில் காற்று நிற்காது. மூங்கில் இடுக்கு வழியே கீழிருந்து குளிர் ஏறும். பசியிலும் காய்ச்சலிலும் கிடப்பவனின் சூட்டைப் பிடித்து வைக்க அந்தச் சாக்கால் ஆகாது.

இத்தனைக்கும் உறங்கும் பை புதிய பொருள் அல்ல. வேல்ஸ் நாட்டுக்காரர் பிரைஸ் ஜோன்ஸ் 1876இலேயே கம்பளியில் ஒன்று செய்து காப்புரிமை வாங்கினார். அதை ரஷ்ய இராணுவத்துக்கு விற்றார். சிப்பாய் இரவில் எப்படித் தூங்குவான் என்று இராணுவங்களுக்குக் கவலை இருந்தது. கூலிக்காரன் எப்படித் தூங்குவான் என்று யாரும் கேட்கவில்லை. இறந்த பிறகும் அந்த வேறுபாடு போகவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தோட்டத்துத் தமிழனுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதம் ஜப்பான் கெடாவையே சயாமுக்குக் கொடுத்தது. அப்பா திரும்பாத லயத்தில் இருந்த என் பாட்டியும் காகிதத்தில் சயாமுக்குப் போய்விட்டார்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டையும் படித்திருக்கிறேன். எத்தனை மைல், எத்தனை பேர் என்ற எண்களும் தெரியும். ஆனால் என் வீட்டிலிருந்து போனவர் எதைப் போர்த்திக்கொண்டு போனார் என்று இத்தனை வருடம் நான் பாட்டியிடம் கேட்டதே இல்லை. ஒரு பை வாங்கி வந்ததால்தான் அது வெளியே வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். "சயாம்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பேசமாட்டார்கள். என்ன உடுத்தினார்கள், எதில் படுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் கேளுங்கள்.

ஜெராயில் அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் ஓரம் ஒழுகிப் பையின் கால்பக்கம் நனைந்தது. குளிரவில்லை. கிளம்பும்போது பாட்டி கேட்டது மட்டும் விடியும்வரை காதில் இருந்தது.

"நனைஞ்சா என்னய்யா பண்ணுவ?"